தன்னுணர்வு

தன்னுணர்வு என்பது ஒருவர் தம்மைத் தாமாகவே அறிந்திருக்கும் நிலையைக் குறிக்கும். உலகை உணர்வது ஒன்று. அவ்வாறு உணர்ந்துகொண்டிருப்பது தானே என்று அறிந்திருப்பது வேறொன்று. இவற்றுள் பின்னதே தன்னுணர்வு எனப்படுகின்றது. மெய்யியலின் மிகப் பழைய சிக்கல்களுள் ஒன்றாகிய இதனை, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அறிதிறன் நரம்பியலும் சோதனை முறையில் ஆராய்ந்து வருகின்றது.

இரு துறையினரும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினாலும் எப்போதும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவதில்லை. நரம்பியல் சோதனைகள் பெரும்பாலும் ஒருவர் தமது முகத்தையோ உடலையோ குணங்களையோ "இது என்னுடையது" என இனங்காண்பதை அளவிடுகின்றன. தன்னுணர்வின் அடிப்படை வடிவத்தில் இனங்காணல் என்ற செயலே இடம்பெறுவதில்லை என்பது மெய்யியலாளர் பலரின் கருத்து. இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவது அன்று. கண்ணாடியில் தன்னை அறியாத குழந்தையையும் விலங்கையும், தன் கையைத் தன்னுடையது அன்று என மறுக்கும் நோயாளியையும் எவ்வாறு மதிப்பிடுவது என்பது இதனைச் சார்ந்துள்ளது.

சொற்பொருள்

தமிழில் தன்னுணர்வு, தன்னறிவு, சுயவுணர்வு ஆகிய சொற்கள் இப்பொருளில் வழங்குகின்றன. விபத்துச் செய்திகளில் காணப்படும் "சுயநினைவின்றி" என்னும் தொடர் இதனின்று வேறானது; அது விழிப்புநிலையை இழந்தமையையே குறிக்கின்றது. ஆங்கிலத்தில் இக்கருத்தைக் குறிக்கும் சொல் அன்றாடப் பேச்சில் பிறர் முன்னிலையில் தோன்றும் கூச்சத்தையும் குறிக்கும். இவ்விரு பொருள்களும் முற்றிலும் தொடர்பற்றவை அல்ல. பிரெஞ்சு மெய்யியலாளர் இழான் பால் சார்த்ர் 1943 ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில், சாவித்துளை வழியே உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவனை எடுத்துக்காட்டாகத் தருகின்றார். அவன் காண்பதிலேயே மூழ்கியிருக்கின்றான். பின்னால் காலடியோசை கேட்டவுடன் வெட்கம் அவனைப் பற்றிக்கொள்கின்றது. அக்கணத்தில் பிறர் காணும் ஒரு பொருளாகத் தன்னை அவன் உணர்கின்றான்.

இந்திய மெய்யியலில்

அறிவு தன்னைத் தானே அறியுமா என்ற கேள்வி இந்தியத் தருக்க நூல்களில் பல நூற்றாண்டுகள் விவாதிக்கப்பட்டது. காஞ்சிபுரம் பகுதியில் பிறந்தவராக மரபு கூறும் பௌத்த அறிஞர் திக்நாகர் (5-6ஆம் நூற்றாண்டு), ஒவ்வோர் அறிவும் தன் பொருளோடு தன்னையும் அறிகின்றது என்றார். இதனை அவர் சுவசம்வேதனம் என அழைத்தார். இதற்கு அவர் காட்டிய சான்று நினைவாகும். நேற்றுக் கண்ட குடத்தை இன்று நினைக்கும்போது குடம் மட்டுமன்றி, அதனைக் கண்ட அனுபவமும் நினைவுக்கு வருகின்றது. முன்பு அனுபவிக்காத ஒன்றை நினைவுகூர இயலாது. ஆகவே குடத்தைக் கண்டபோதே காண்டலும் அறியப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

நையாயிகர் இதனை மறுத்தனர். ஓர் அறிவை அதனையடுத்துத் தோன்றும் மற்றோர் அறிவே அறிகின்றது என்பது அவர்கள் கொள்கை. கத்தி தன்னைத் தானே வெட்டாது, விரல்நுனி தன்னைத் தானே தொடாது என்ற உவமைகள் சுவசம்வேதனத்தை மறுப்போராலும், விளக்கு தன்னையும் பிறவற்றையும் ஒருங்கே காட்டும் என்ற உவமை அதனை ஏற்போராலும் எடுத்தாளப்பட்டன. மீமாம்சகருள் பிரபாகரர், ஒவ்வோர் அறிவிலும் அறிபவன், அறியப்படுபொருள், அறிவு ஆகிய மூன்றும் ஒருங்கே விளங்குகின்றன என்றார். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த விவாதம் ஏறத்தாழ இதே நிலைப்பாடுகளைக் கொண்டிருந்தது.

மேற்கத்திய மெய்யியலில்

பாரசீக அறிஞர் இப்னு சீனா 11ஆம் நூற்றாண்டில் ஒரு கற்பனைச் சோதனையை முன்வைத்தார். முழு வளர்ச்சியுடன் திடீரெனப் படைக்கப்பட்ட ஒருவன் வெளியில் மிதக்கின்றான். அவனால் எதையும் காணவோ கேட்கவோ இயலாது. அவனது உறுப்புகள் ஒன்றையொன்று தொடாதவாறு விலகியுள்ளன. தன் உடலைப் பற்றி ஏதும் அறியாத அவன், தான் இருப்பதை மட்டும் ஐயமின்றி அறிவான் என்றார் இப்னு சீனா. ரெனே டேக்கார்ட் 1637, 1641 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட நூல்களில், எல்லாவற்றையும் ஐயுற்ற பின்னும் ஐயுறும் தான் இருப்பதை ஐயுற முடியாது என்ற முடிவுக்கு வந்தார்.

இம்முடிவு அளவுக்கு மீறியது எனச் செருமானிய இயற்பியலாளர் லிக்டன்பெர்க் 18ஆம் நூற்றாண்டில் தமது குறிப்பேட்டில் சுட்டினார். "மின்னுகிறது" என்று சொல்வது போலச் "சிந்தனை நிகழ்கிறது" என்று சொல்லவே நமக்கு உரிமையுண்டு. அதற்கு ஒரு "நான்" வேண்டும் என்பது கூடுதல் ஊகம் என்பது அவர் கருத்தின் சாரம். 1739 ஆம் ஆண்டில் டேவிட் ஹியூம், தம்முள் எவ்வளவு தேடினும் சூடு, குளிர், அன்பு, வெறுப்பு போன்ற ஏதேனும் ஓர் உணர்வே அகப்படுகின்றது, அவற்றை உணரும் "தான்" அகப்படவில்லை என எழுதினார். இம்மானுவேல் கண்ட் இதற்கு வேறு விதமாக விடையளித்தார். "நான்" என்பது தேடிக் காணத்தக்க பொருள் அன்று. எண்ணங்கள் அனைத்தும் ஒருவருடைய எண்ணங்களாக ஒன்றுகூடுவதற்கான முன்நிபந்தனை என்பது அவர் நிலைப்பாடு. அதாவது, ஹியூம் தேடிய இடம் தவறு.

செருமானிய மெய்யியலாளர் டீட்டர் ஹென்ரிக் 1960களில், ஃபிக்டேயின் எழுத்துகளிலிருந்து ஒரு வாதத்தை மீட்டெடுத்தார். தன்னுணர்வு என்பது மனம் தன்னை நோக்கித் திரும்பித் தன்னையே காண்பது எனக் கொள்வோம். அவ்வாறு கண்டது தன்னைத்தான் என்பதை அது எப்படி அறியும்? அறிய வேண்டுமாயின் முன்னரே தன்னை அறிந்திருக்க வேண்டும். எனவே திரும்பிப் பார்த்தலால் தன்னுணர்வை விளக்க முடியாது. இவ்வாதம் எளிமையானது, ஆயினும் கண்ணாடியைக் கொண்டு தன்னுணர்வை அளக்க முயலும் எந்த ஆய்வும் இதற்கு விடை கூறியாக வேண்டும்.

"நான்" என்னும் சொல்

20ஆம் நூற்றாண்டில் இச்சிக்கல் மொழியின் வழியே அணுகப்பட்டது. அமெரிக்க மெய்யியலாளர் ஜான் பெரி 1979 ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் பின்வரும் நிகழ்வைக் கூறுகின்றார். பல்பொருள் அங்காடியின் தரையில் சர்க்கரை கோடாகச் சிந்திக் கிடந்தது. யாருடைய பை கிழிந்துள்ளது எனச் சொல்வதற்காக அவர் தமது தள்ளுவண்டியுடன் அக்கோட்டைப் பின்தொடர்ந்து சுற்றிச் சுற்றி வந்தார். கோடு தடித்துக்கொண்டே சென்றது. இறுதியில் அந்த ஆள் தாமே என்பது புரிந்தது. "யாரோ ஒருவர் சர்க்கரையைச் சிந்துகிறார்" என்பது முன்னரே அவருக்குத் தெரியும். "ஜான் பெரி சிந்துகிறார்" என்று யாரேனும் சொல்லியிருந்தாலும், ஜான் பெரி தாமே என்பதை மறந்திருந்தால் அவர் நின்றிருக்கமாட்டார். "நான் சிந்துகிறேன்" என்ற எண்ணமே அவரை நிறுத்திப் பையைச் சரிசெய்ய வைத்தது. வேறு எந்தப் பெயரோ வருணனையோ அவ்விடத்தை நிரப்பாது.

குவாத்தமாலாவில் பிறந்த எக்டர் நேரி காசுட்டனேடா 1966 ஆம் ஆண்டிலேயே இதன் மறுபக்கத்தை ஆராய்ந்திருந்தார். "இராமன் அவன் பணக்காரன் என நினைக்கிறான்" என்ற வகை ஆங்கிலத் தொடரில், இராமன் தன்னையே "நான்" என்று எண்ணி நினைக்கிறானா, அல்லது தன்னைத்தான் என்று அறியாமல் யாரையோ பற்றி நினைக்கிறானா என்பது தெளிவாவதில்லை. எனவே முதல் பொருளைக் காட்ட அவர் "அவன்" என்ற சொல்லின் மேல் ஓர் உடுக்குறி இடவேண்டியதாயிற்று. தமிழில் "இராமன் தான் பணக்காரன் என நினைக்கிறான்" என்று கூறலாம். தற்சுட்டுப் பெயராகிய "தான்" காசுட்டனேடாவின் உடுக்குறிக்கு மிக நெருங்கி வருகின்றது. எனினும் அது எல்லாச் சூழல்களிலும் இவ்வேறுபாட்டைக் கண்டிப்பாகக் காட்டும் என்று கூற இயலாது.

லுட்விக் விட்கென்ஸ்டைன் 1933-34 காலப்பகுதியில் தம் மாணவர்களுக்குச் சொல்லி எழுதச் செய்த குறிப்புகளில், "நான்" என்பதன் இரு பயன்பாடுகளைப் பிரித்துக் காட்டினார். "என் கை முறிந்துள்ளது" என்பது ஒரு வகை. விபத்தொன்றில் அருகில் கிடப்பவரின் முறிந்த கையைத் தன் கை என ஒருவர் தவறாக எண்ணிவிட இடமுண்டு. "எனக்குப் பல் வலிக்கிறது" என்பது மற்றொரு வகை. "யாருக்கோ வலிக்கிறது; ஆனால் அது எனக்குத்தானா?" என்று ஐயுறுவது பொருளற்றது. சிட்னி சூமேக்கர் 1968 ஆம் ஆண்டில் இப்பண்புக்கு, ஆளை மாற்றிக் கருதும் பிழைக்கு இடமின்மை என்ற பொருளில் பெயரிட்டார். வலியை உணரும்போது ஒருவர் பலருள் தம்மைத் தேடிக் கண்டுபிடிப்பதில்லை. தேடல் இல்லாததால் தவறான ஆளைக் கண்டுபிடித்துவிடவும் வழியில்லை.

கண்ணாடிச் சோதனை

தன்னுணர்வு பற்றிய சோதனைகளுள் பெரிதும் அறியப்பட்டது கோர்டன் காலப் 1970 ஆம் ஆண்டில் வெளியிட்டதாகும். சிம்பன்சிகளின் முன் பத்து நாட்கள் கண்ணாடி வைக்கப்பட்டது. முதலில் அவை பிம்பத்தை மற்றொரு சிம்பன்சியாகக் கருதி மிரட்டின. சில நாட்களில் கண்ணாடியைப் பார்த்தபடி, தாம் நேரில் காணவியலாத உடற்பகுதிகளைத் துழாவத் தொடங்கின. பின்னர் மயக்கமருந்து கொடுத்து, புருவத்திலும் காதிலும் மணமற்ற சிவப்புச் சாயம் பூசப்பட்டது. விழித்தபின் கண்ணாடியில் கண்ட சாயத்தைத் தம் முகத்திலேயே அவை தொட்டுப் பார்த்தன. சோதிக்கப்பட்ட குரங்குகள் அவ்வாறு செய்யவில்லை. 1972 ஆம் ஆண்டில் பியூலா ஆம்சுட்டர்டாம் குழந்தைகளின் மூக்கில் சாயமிட்டு இதேபோன்ற ஆய்வை நடத்தினார். குழந்தைகள் பெரும்பாலும் 18 முதல் 24 மாத வயதில் இதில் தேறுகின்றனர்.

டால்பின் (2001), ஆசிய யானை (2006), மேக்பை எனப்படும் காக்கை இனப் பறவை (2008) ஆகியவையும் தேறியதாக ஆய்வுகள் வெளிவந்தன. 2019 ஆம் ஆண்டில், பிற மீன்களின் மேலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்னும் ஒரு சிறு மீனும் இப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. சிலர் மீனின் திறனை வியந்தனர். வேறு சிலர் சோதனையையே ஐயுற்றனர். காலப் பின்னவர்களுள் ஒருவர்.

ஐயத்துக்கு வலுவான காரணங்கள் உண்டு. 2011 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், கென்யாவில் 18 முதல் 72 மாத வயதுடைய 82 குழந்தைகளுள் 2 பேர் மட்டுமே வழமையான அளவுகோலின்படி தேறினர். ஆறு வயதை நெருங்கும் குழந்தைக்குத் தன்னுணர்வு இல்லை என எவரும் கூறமாட்டார். பல குழந்தைகள் பிம்பத்தைப் பார்த்து உறைந்து நின்றன. புதிய ஆட்கள் முன்னிலையில் முகத்தில் உள்ள குறியைத் துடைப்பதா வேண்டாமா என்பது வளர்ப்பு முறையையும் சார்ந்தது. மறுபுறம், மூளைப் பாதிப்பால் முகங்களை அடையாளங்காணும் திறனை இழந்தவர்களுள் சிலர் கண்ணாடியில் தம் முகத்தையே அறிவதில்லை. ஆனால் அவர்கள் தம் குறையைப் பற்றி "நான்" என்று தெளிவாகப் பேசுகின்றனர். ஆகவே இச்சோதனையில் தேறுவது ஒரு திறனைக் காட்டலாம். தேறாமை தன்னுணர்வின்மையைக் காட்டாது.

இது நீதிமன்றம் வரை சென்ற செய்தியுமாகும். 2006 ஆம் ஆண்டு ஆய்வில் நியூயார்க்கின் பிராங்க்சு விலங்குக் காட்சிச்சாலையின் மூன்று யானைகளுள் ஹாப்பி என்ற பெண் யானை மட்டுமே தன் தலையில் இட்ட குறியைத் தும்பிக்கையால் தொட்டது. அதனை ஆட்கொணர்வு மனு மூலம் விடுவிக்கக் கோரிய விலங்குரிமை அமைப்பொன்று இவ்வாய்வையும் சான்றாகக் காட்டியது. 2022 ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் 5-2 என்ற பெரும்பான்மையில் கோரிக்கையை நிராகரித்தது. குறியைத் தொடாத மற்ற இரு யானைகளின் நிலை ஹாப்பியின் நிலையினின்று வேறுபட்டதா என்பது, கண்ணாடிச் சோதனையை உரிமைக்கு அளவுகோலாக்குவோர் விடை கூற வேண்டிய கேள்வியாகும்.

உடலும் தன்னுணர்வும்

"இது என் உடல்" என்ற உணர்வு நிலையானது போலத் தோன்றினும் எளிதில் ஏமாறக்கூடியது. 1998 ஆம் ஆண்டில் போட்வினிக், கோகன் ஆகியோர் இரப்பர்க் கை மாயையை விவரித்தனர். ஒருவரின் உண்மையான கை திரைக்குப் பின் மறைக்கப்பட்டு, கண்முன் ஓர் இரப்பர்க் கை வைக்கப்படும். இரண்டையும் தூரிகையால் ஒரே நேரத்தில் வருடினால், சில நிமிடங்களில் இரப்பர்க் கையிலேயே தொடுகை நிகழ்வதாகவும் அது தம் கையே எனவும் பலர் உணர்கின்றனர். வருடல் நேரம் பொருந்தாவிடில் மாயை குன்றிவிடும். கண், தோல் ஆகியவற்றிலிருந்து வரும் செய்திகள் பொருந்துவதைக் கொண்டு மூளை உடலின் எல்லையைக் கணிக்கின்றது என்பது இதிலிருந்து பெறப்பட்ட முடிவு.

2002 ஆம் ஆண்டில் ஒலாஃப் பிளாங்கேயும் உடன் ஆய்வாளரும், வலிப்பு நோய்க்கான சிகிச்சைக்கு முன்னர் ஒரு பெண்ணின் மூளையில் மின்தூண்டல் செய்தனர். வலப் பக்கத்தில், பக்கவாட்டு மடலும் பொட்டு மடலும் சந்திக்குமிடத்தையொட்டிய ஒரு மடிப்பைத் தூண்டியபோது, தாம் மேலே மிதப்பதாகவும் படுக்கையில் கிடக்கும் தம் கால்களைக் காண்பதாகவும் அவர் கூறினார். "நான் எங்கே இருக்கிறேன்" என்ற உணர்வும் மூளை கணித்துப் பெறும் விடையே என்பதற்கு இது சான்றாகக் கொள்ளப்படுகின்றது. எனினும் மேலிருந்து காண்பது தாமே என்பதில் அப்பெண்ணுக்கு ஐயம் எழவில்லை.

செயலின் பக்கமும் உண்டு. ஒருவர் தம்மைத் தாமே கூச்சங்காட்டிச் சிரிக்கவைக்க இயலாது. 1998 ஆம் ஆண்டில் பிளேக்மோர், வால்பெர்ட், ஃபிரித் ஆகியோர் இதனை மூளை வருடல் கருவியில் ஆராய்ந்தனர். இயக்கக் கட்டளை தசைக்குச் செல்லும்போதே அதன் விளைவாக எழவிருக்கும் உணர்வு முன்கூட்டியே கணிக்கப்படுகின்றது. வந்த உணர்வு கணிப்போடு பொருந்தினால் அது தணிக்கப்படுகின்றது. கட்டுப்பாட்டுப் பொறியியலில் உள்ள முன்கணிப்பு மாதிரியை ஒத்த இவ்வேலையில் சிறுமூளைக்குப் பங்குண்டு. தம் செயல்களைப் பிறர் இயக்குவதாக உணரும் அல்லது குரல்கள் கேட்கும் மனநோயாளிகளுக்கு இத்தணிப்பு குறைந்திருப்பதை 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது.

மூளையில் இடம்

பண்புச் சொற்களைக் காட்டி "இது உங்களுக்குப் பொருந்துமா?" எனக் கேட்கும்போது, பிறரைப் பற்றிக் கேட்கும்போது இருப்பதைவிட நடு முன்நெற்றிப் புறணியில் செயற்பாடு மிகுதியாக இருப்பது 2002 ஆம் ஆண்டு முதல் பல ஆய்வுகளில் காணப்பட்டது. இரு அரைக்கோளங்களின் உட்பக்கத்தில் நடுக்கோட்டையொட்டி அமைந்த இப்பகுதிகள், குறிப்பிட்ட வேலையின்றி மனம் அலையும்போதும் செயற்படுகின்றன. இதனால் "தான்" இருக்கும் இடம் இதுவே என்ற பேச்சு பரவியது.

அதற்கு எதிரான வலுவான சான்று 2012 ஆம் ஆண்டில் வெளியானது. ஆய்வு இலக்கியத்தில் "நோயாளி ஆர்" எனக் குறிக்கப்படுபவருக்கு 1980 ஆம் ஆண்டில் ஏற்பட்ட மூளையழற்சி, தன்னுணர்வுக்கு இன்றியமையாதவை எனக் கருதப்பட்ட மூன்று பகுதிகளையும் இருபுறமும் பெரிதும் அழித்திருந்தது. அவர் கண்ணாடியில் தம்மை அறிந்தார். தாமே தொட்டதையும் பிறர் தொட்டதையும் வேறுபடுத்தினார். தம் இயல்பை ஒரு நிலையான முறையில் விவரித்தார். அவரது கடந்தகால நினைவு மட்டும் பெரிதும் சிதைந்திருந்தது. ஜான் லாக் 1694 ஆம் ஆண்டில் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்த அதிகாரத்தில், நினைவு எட்டும் தொலைவு வரையே ஒருவர் அதே ஆள் என்றார். நினைவை இழந்தும் "நான்" என்று பிழையின்றிப் பேசும் இத்தகையோர், வாழ்க்கைக் கதையாக அமையும் தன்னுணர்வும் கணநேரத் தன்னுணர்வும் தனித்தனியே நிற்கக்கூடியவை என்பதைக் காட்டுகின்றனர்.

நோய்நிலைகள்

மூளையின் வலப் பக்கப் பாதிப்பால் இடப் பக்கம் செயலிழந்தோருள் சிலர், தமக்குப் பக்கவாதமே இல்லை எனச் சாதிப்பர். பாபின்சுக்கி 1914 ஆம் ஆண்டில் இதற்கு நோயறியாமை என்னும் பொருள்பட ஒரு பெயரிட்டார். இது வெறும் பிடிவாதம் அன்று. தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியலாளர் வி. எஸ். இராமச்சந்திரன், இத்தகையோரிடம் ஒரு கையால் செய்யத்தக்க வேலை, இரு கைகளும் தேவைப்படும் வேலை ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். அவர்கள் திரும்பத் திரும்ப இரு கை வேலையைத் தேர்ந்து தோற்றனர். இடக் காதில் குளிர்ந்த நீரைச் செலுத்தினால் சிலர் சிறிது நேரம் தம் நிலையை ஒப்புக்கொள்கின்றனர். நீரின் விளைவு நீங்கியதும் மீண்டும் மறுக்கின்றனர். செய்தி மூளையில் எங்கோ பதிவாகியுள்ளது. அது "என்னைப் பற்றியது" என்ற வடிவில் அவரை எட்டவில்லை. இந்நோயாளிகள் எழ முயன்று விழுவதும் பயிற்சிச் சிகிச்சையை மறுப்பதும் உண்டு என்பதால், மருத்துவரும் குடும்பத்தினரும் இதனைப் புரிந்துகொள்வது இன்றியமையாதது.

இதனினும் வியப்பானது, செயலிழந்த கை பிறருடையது எனக் கூறும் நிலை. பொட்டினியும் உடன் ஆய்வாளரும் 2002 ஆம் ஆண்டில் விவரித்த பெண்மணி, தம் இடக் கை தம் உடன்பிறந்தாரின் மகளுடையது என நம்பினார். "உங்கள் இடக் கையைத் தொடப்போகிறேன்" என்று கூறித் தொட்டபோது அவர் எதையும் உணரவில்லை. "அப்பெண்ணின் கையைத் தொடப்போகிறேன்" என்று கூறி அதே கையைத் தொட்டபோது தொடுகையை உணர்ந்ததாகக் கூறினார்.

பிழைக்கு இடமின்மை பற்றிய விவாதம்

இப்பெண்மணியின் நிலை சூமேக்கரின் கொள்கையைப் பொய்ப்பிக்கின்றது எனச் சில மெய்யியலாளர் வாதிட்டுள்ளனர். தொடுகை நிகழ்கின்றது, அது யாருக்கு நிகழ்கின்றது என்பதில் அவர் தவறுகின்றார் என்பது அவர்கள் வாசிப்பு. தம் மனத்தில் பிறர் எண்ணங்கள் புகுத்தப்படுவதாகக் கூறும் மனச்சிதைவு நோயாளிகளும் இவ்வாதத்தில் சான்றாகக் காட்டப்படுகின்றனர்.

மறுதரப்பினர், கூற்றை நுணுகிப் பார்க்க வேண்டும் என்கின்றனர். கை யாருடையது என்பதில் அப்பெண்மணி தவறினார். தொடுகையை உணர்ந்தது யார் என்பதில் அவர் தவறினாரா? "உணர்ந்தேன்" என்றே அவர் விடையளித்தார். எண்ணம் புகுத்தப்படுவதாகக் கூறுபவரும் அவ்வெண்ணம் தம் மனத்தில் தோன்றுவதை மறுப்பதில்லை. அதனைத் தோற்றுவித்தவர் தாம் அல்லர் என்றே முறையிடுகின்றார். சோன் காலகர் 2000 ஆம் ஆண்டில், ஓர் அனுபவம் என்னுடையது என்னும் உடைமையுணர்வையும் ஒரு செயலைச் செய்பவன் நானே என்னும் கருத்தாவுணர்வையும் பிரித்தது இவ்விடத்தில் உதவுகின்றது. பின்னது சிதையும்போதும் முன்னது எஞ்சலாம்.

இவ்விளக்கம் பல நிகழ்வுகளுக்குப் பொருந்துகின்றது. ஆயினும் அது எளிதில் கிட்டும் வெற்றியாகவும் உள்ளது. நோயாளி "நான்" என்று பேசும்வரை தன்னுணர்வு சிதையவில்லை எனக் கொண்டால், எந்தச் சோதனையாலும் அக்கொள்கையை மறுக்க இயலாது போகும். அறிக்கையாகச் சொல்லப்படும் "நான்" என்பதைத் தவிர, உணர்பவர் யார் என்பதைக் காட்டும் வேறு சான்று எது என்ற கேள்விக்கு இரு தரப்பினரும் ஏற்கும் விடை இதுவரை அமையவில்லை.